ஊசிமுனை அளவு இடம்

பாண்டவர்களுக்கு ஐந்து ஊர்களாவது கொடு, அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடுகளாவது கொடு என்று கண்ணன் தூது சென்று இரந்தபோது, ஊசிமுனை குத்துமளவு நிலமும் தரமுடியாது என்று துரியோதனன் மறுத்ததாகப் பாரதக் கதை கூறுகிறது. பதினெட்டு நாள் யுத்தத்தின் காரணத்தை ஊசிமுனையில் வைத்துக் காட்டிய அந்தக் கதைசொல்லிக்கு மனித இயல்பு நன்கு தெரிந்திருக்கிறது. சண்டையின் அளவைத் தீர்மானிப்பது பொருளின் அளவு அல்ல. அந்தப் பொருளின் மீது வைக்கப்பட்டிருக்கும் மானமும் உரிமையுமே ஆகும்.

ஊசியையே கருவியாகக் கொண்டவர்களின் சண்டைகளைப் பற்றியது இக்கட்டுரை. கம்பளி நூலினால் மேலங்கி பின்னுபவர்கள், கொக்கியூசியால் குரோஷே செய்பவர்கள், துணியில் குறுக்குத் தையல் போட்டுப் பூவும் பறவையும் வரைபவர்கள் ஆகியோரே இதன் நாயகர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் பணத்துக்காக அன்றி மனத் திருப்திக்காகச் செய்பவர்கள். உலகில் இவர்களைவிடச் சாதுவான கூட்டத்தினர் இருக்க முடியாது என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் கடந்த கால் நூற்றாண்டில், குறிப்பாக இணையம் இவர்களை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து அமர்த்திய பின்னர், இவர்களுக்கிடையிலும் இவர்களைச் சுற்றியும் மூண்ட பிணக்குகள் சட்டத்தரணிகளின் மேசைகள் வரை சென்றன; அமெரிக்க ஒலிம்பிக் குழுவை ஒரே நாளில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கவைத்தன; ஒரு ஜனாதிபதியின் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்ற கேள்வியில் பல வருட சிநேகங்களை முறித்தன.

பத்திரிகைக் காரியாலயங்களில் இவ்வகைச் செய்திகள் வந்து சேர்ந்தால் அவை வேடிக்கைச் செய்திகளுக்கான பெட்டிக்குள்தான் போகும். “பாட்டிமாரின் ஊசிச் சண்டை” என்ற பாணியில் ஒரு தலைப்பும் வைக்கப்படும். தையலும் பின்னலும் ஞாயிறு இதழின் பெண்கள் பக்கத்துக்கு உரியவை என்பதும், வரலாறு முதற்பக்கத்துக்கு உரியது என்பதும் எங்கள் தொழிலில் ஆழ வேரூன்றிய நம்பிக்கைகள். அந்தச் சிரிப்பைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், இந்தச் சண்டைகள் எல்லாம் மூன்று பழைய கேள்விகளைச் சுற்றியே நடந்திருப்பது தெரியவரும். ஒரு வடிவம் யாருக்குச் சொந்தம்? எது சரியான முறை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? வட்டத்துக்குள் அமர யாருக்கு இடம் உண்டு?

வடிவம் யாருடையது?

முதலாவது கேள்வி இணையத்துடன் பிறந்ததல்ல. பிரித்தானியாவில் 1840களில் பின்னல் வடிவ நூல்கள் புற்றீசல் போல வெளிவந்தன. எடின்பரோவில் நூற்கடை நடத்திய ஜேன் கோகெய்ன் என்ற பெண்மணி 1840இல் வெளியிட்ட நூல் அவற்றுள் முன்னோடியானது. பின்னலைச் சுருக்கக் குறியீடுகளால் எழுதிக்காட்டும் வழக்கத்துக்கு அடியிட்டவர்களில் அவரும் ஒருவர். அதுவரை தாயின் மடியிலிருந்து மகளும், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து இன்னொருத்தியும் கண்ணால் கற்றுக்கொண்ட ஒரு கலை, அப்போதுதான் அச்சில் ஏறி விலைக்கு வந்தது. விலை வந்தவுடன் களவும் வந்தது. ஒரு நூலின் வடிவம் இன்னொரு நூலில் சிறு மாற்றத்துடன் தோன்றுவது சாதாரணமாயிற்று. யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற உரிமைக் கோரிக்கைகளும் கூடவே எழுந்தன. 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் பரிசு பெற்றவரும், வாழ்நாளில் பல டசின் வடிவ நூல்களை வெளியிட்டவருமான எலியனோர் றியேகோ டி லா பிராஞ்சார்டியேர், அயர்லாந்துக் குரோஷே ரேந்தை என்பது தமது கண்டுபிடிப்பே என்று உரிமை கோரினார். அதேகாலப் பகுதியில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் சூறையாடப்பட்ட அயர்லாந்தில், அந்த ரேந்தையைப் பின்னிப் பின்னித்தான் எத்தனையோ குடும்பங்கள் உயிர் தப்பின. கண்டுபிடித்தவர் என்ற பெயருக்கு ஆள் இருந்தது. பின்னிப் பிழைத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எந்த நூலிலும் ஏறவில்லை.

நூற்றைம்பது வருடங்கள் கழித்து அதே வழக்கு மீண்டும் வந்தது. 2000ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் இசைத்தட்டு நிறுவனங்கள் நப்ஸ்ரருக்கு எதிராக நீதிமன்றம் ஏறியிருந்த வேளையில், குறுக்குத் தையல் வடிவங்களை விற்பனை செய்யும் சிறு நிறுவனங்களும் அதேவகையான நட்டத்தைப் பற்றி முறையிடத் தொடங்கின. ஆறேழு டொலருக்கு ஒருத்தி வாங்கிய வடிவத்தாளை ஸ்கான் செய்து, முகம் தெரியாத நூற்றுக்கணக்கான தோழிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தாள். அனுப்பியவர்களுள் பெரும்பாலானோர் நடுத்தர வயதைக் கடந்த குடும்பப் பெண்கள். “அயல்வீட்டுக்காரிக்கு வடிவத்தைக் கொடுப்பது களவா? என் அம்மா காலம் முதல் செய்துவருவதுதானே” என்பது அவர்கள் தரப்பு. “அந்த வடிவத்தை வரைய எனக்கு மாதங்கள் எடுத்தன, அதுதான் என் பிழைப்பு” என்பது வடிவமைத்தவள் தரப்பு. அவளும் பெரும்பாலும் ஒரு சமையலறை மேசையில் இருந்து தொழில் செய்யும் பெண்தான். பெரிய முதலாளிக்கும் சிறிய நுகர்வோனுக்கும் இடையிலான சண்டையாக இது இருந்திருந்தால் பக்கம் சார்வது எவருக்கும் இலகுவாக இருந்திருக்கும். இங்கே இரண்டு பக்கத்திலும் நின்றது ஒரே மாதிரியான பெண்.

சட்டம் இதில் முழுத்தீர்வு தரவில்லை. கணக்குப்பதிவு முறையொன்றை விளக்கும் நூல் பற்றிய வழக்கில் (பேக்கர் எதிர் செல்டன்) 1879இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒரு முறையை விளக்கி எழுதிய எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு, அந்த முறைக்கு இல்லை. அதாவது பின்னல் வடிவத்தை விளக்கும் வாசகத்தையும் வரைபடத்தையும் பிரதிசெய்வது குற்றமாகலாம்; ஆனால் ஒரு தையலையோ, ஒரு கண்ணியை இன்னொரு கண்ணிக்குள் இழுக்கும் வித்தையையோ எவரும் தமது உடைமையாக்க முடியாது. சட்டம் வகுத்த அந்தக் கோடு ஒரு மேலங்கியின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று பின்னுகிறவர்கள் இன்னமும் விவாதித்துக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

வடிவமைப்பாளர் தரப்பிலும் எல்லை மீறல்கள் நடந்தன. இயந்திரப் பூத்தையல் வடிவங்களை விற்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பொன்று, மலிவு விலையில் வடிவத்தட்டு வாங்கியவர்களுக்கு எல்லாம் பணம் கோரிக் கடிதங்கள் அனுப்பிற்று. அதைப் பற்றிப் பெயர் குறிப்பிடாமல் விமர்சித்தவர்கள் யார் என்று அறியவும் 2006இல் அது நீதிமன்றத்தின் மூலம் முயன்றது. இணைய உரிமைகளுக்காகப் போராடும் இலத்திரனியல் எல்லைப்புற அறக்கட்டளை அந்தப் பெண்களின் சார்பில் தலையிட்டது. பூத்தையல் வடிவத்தில் தொடங்கிய வழக்கு, பெயரின்றிப் பேசும் உரிமை என்ற பெரிய பிரச்சினையில் வந்து நின்றது.

எந்தக் கை சரியான கை?

கம்பளி பின்னுவதில் இரண்டு பிரதான முறைகள் உண்டு. நூலை வலக்கையில் பிடித்து ஊசியின் மேல் சுற்றி எறிவது ஆங்கிலேய முறை. நூலை இடக்கையில் பிடித்து ஊசி முனையால் கொத்தி எடுப்பது ஐரோப்பியக் கண்டத்து முறை. விளைவில் துணி ஒன்றுதான். ஆனால் எது வேகமானது, எது அழகானது, எது “முறையானது” என்ற வாக்குவாதம் பின்னுபவர்கள் கூடும் இடங்களில் எல்லாம், சோற்றைக் குழைத்து உண்பதா பிசையாமல் உண்பதா என்பது போல, முடிவில்லாமல் நடக்கும்.

இந்த வாக்குவாதத்துக்குள் ஓர் உலகப் போரே ஒளிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இடக்கை முறை செல்வாக்கிழந்தது. ஏனென்றால் அது ஜேர்மனியரின் முறையாகக் கருதப்பட்டது. படைவீரர்களுக்குக் காலுறை பின்னிய பெண்கள் நூலை எந்தக் கையில் பிடிக்கிறார்கள் என்பது தேசபக்தியின் அடையாளமாகிப்போனது. போர் முடிந்த பின்னரும் ஆங்கில நூல்கள் பெரும்பாலும் வலக்கை முறையையே கற்பித்தன. அந்தப் பாரபட்சத்தின் காரணம் என்னவென்று தெரியாமலேயே ஒரு தலைமுறை “இதுதான் சரியான முறை” என்று நம்பி வளர்ந்தது.

அந்தச் சுவரை உடைத்தவர்களில் முக்கியமானவர் எலிசபெத் சிம்மர்மன். 1910இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், ஜேர்மனியர் ஒருவரை மணந்தவர். நாஜிகளின் ஆட்சியில் இருந்து விலகி, கணவருடன் 1937இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அவர் இடக்கை முறையையும், மேலங்கியைத் துண்டு துண்டாகப் பின்னித் தைக்காமல் வட்ட ஊசியில் ஒரே குழலாகப் பின்னும் முறையையும் விடாது வாதிட்டு வந்தார். 1950களில் அவர் அனுப்பிய வட்டப் பின்னல் வடிவமொன்றை வெளியீட்டாளர் தட்டைத் துண்டுகளாக மாற்றி எழுதி வெளியிட்டுவிட்டார். வாசகர்களுக்கு விளங்காது என்பது காரணம். பத்திரிகை ஆசிரியர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் காரணம்தான் இது. சிம்மர்மன் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கண்டன அறிக்கை விடவுமில்லை. 1958இல் தாமே ஒரு செய்திமடலைத் தொடங்கித் தம் வடிவத்தைத் தாம் எழுதிய விதமாகவே வாசகிகளுக்கு நேரே அனுப்பினார். 1971இல் வெளியான “கண்ணீரில்லாப் பின்னல்” என்ற பொருள்படும் அவரது நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

அவர் விட்டுச்சென்றவற்றுள் மிகப் பெறுமதியானது ஒரு சொல். தாம் புதிதாக ஒரு உத்தியைக் கண்டுகொண்டபோது, அதைக் “கண்டுபிடித்தேன்” என்று சொல்ல அவர் மறுத்தார். ஆயிரக்கணக்கான வருடங்களில், எங்கோ ஒரு குடிசையில், எவளோ ஒருத்தி இதை ஏற்கெனவே செய்திருப்பாள் என்பது அவரது நம்பிக்கை. ஆகவே கண்டுபிடிப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சற்றே திரித்து, “மீளக் கண்டெடுத்தல்” என்று நாம் கருத்துக் கொள்ளக்கூடிய ஒரு புதுச்சொல்லை ஆக்கிக்கொண்டார். உரிமை கோரிச் சண்டையிட்ட நூற்றைம்பது வருட வரலாற்றில் இதைவிடப் பெருந்தன்மையான பதில் வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழமையை உற்பத்தி செய்தல்

உரிமைச் சண்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. வடிவத்தைத் தனி ஒருவருக்கு அல்லாமல் ஓர் இனத்துக்கோ குலத்துக்கோ எழுதிவைப்பதுதான் அது. அயர்லாந்தின் மேற்குக் கரையோர அரன் தீவுகளின் வெண்ணிறப் பின்னலங்கி உலகப் பிரசித்தமானது. அதிலுள்ள ஒவ்வொரு முறுக்கும் ஒவ்வொரு குலத்துக்குரிய அடையாளம், கடலில் மூழ்கி உருத்தெரியாது கரையொதுங்கிய மீனவனை அவன் குலத்தின் பின்னலைக் கொண்டே அறிவர் என்ற கதையை உல்லாசப் பயணிகள் எல்லோரும் கேட்டிருப்பர்.

இந்தக் கதையின் வித்துக்களில் ஒன்று ஜே.எம். சிங் எழுதி 1904இல் மேடையேறிய ஒரு நாடகம். அதில் கடல் கொண்டுபோன தமையனைச் சகோதரி அறிந்துகொள்வது குல அடையாளத்தால் அல்ல. அவனது காலுறையில் தான் தவறவிட்ட கண்ணிகளை எண்ணிப் பார்த்து. அதாவது பிழையால்தான் அவனை அடையாளம் காண்கிறாள். பின்னாளில் ஒக்ஸ்போர்ட்டில் நூற்கடை வைத்திருந்த ஹைன்ஸ் கீவ என்பவர், அந்தப் பின்னல்களுக்குப் புராதன சமயப் பொருள்கள் கற்பித்து 1967இல் ஒரு நூல் எழுதினார். வியாபாரிகளுக்கு அது பெரும் வரப்பிரசாதமாயிற்று. அங்கிலிக்கன் ஆயரும் பின்னல் வரலாற்று ஆய்வாளருமான றிச்சர்ட் றட் 1987இல் வெளியிட்ட தமது வரலாற்று நூலில், அந்தப் புராதனத்துக்கு ஆதாரமில்லை என்பதையும், அந்த அங்கியின் வரலாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு அப்பால் அதிகம் செல்லாது என்பதையும் எடுத்துக்காட்டினார். இன்றும் குலப் பின்னல் கதையை மறுத்து ஒருவர் ஒரு வார்த்தை எழுதினால் போதும், மறுநாளே அவருக்கு எதிராக ஒரு படை திரளும். பழம்பெருமை பற்றிய விவாதங்கள் எப்படி முடியும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெயர் மீது ஒரு யுத்தம்

ஊசிக்காரர்களின் பொறுமைக்கு இந்த நூற்றாண்டில் வந்த பெரிய சோதனைகள் இரண்டும் பெயர்களைப் பற்றியவை.

அமெரிக்காவில் பெண்கள் கூடியிருந்து தைத்தபடி உலகத்தைத் திட்டித் தீர்க்கும் வட்டங்களுக்கு “ஸ்டிச் அன்ட் பிட்ச்” என்று ஒரு பழைய பெயர் உண்டு. “தையலும் புறுபுறுப்பும்” என்று தமிழாக்கலாம். சஞ்சிகை ஆசிரியரான டெபி ஸ்ரோலர் 2003இல் இந்தப் பெயரையொட்டி வெளியிட்ட கைந்நூல் இளம் பெண்கள் பலரைப் பின்னலுக்குக் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் அதே பெயரில் குழுக்கள் எழுந்தன. 2005இல், அப்பெயரையொத்த ஒன்றை வர்த்தகக் குறியாகப் பதிந்திருந்த நியூ யோர்க் தையல் நிறுவனமொன்றின் சட்டத்தரணிகளிடமிருந்து குழுக்களுக்குக் கடிதங்கள் வரத்தொடங்கின. வாரம் ஒருமுறை கோப்பிக் கடையில் கூடும் ஏழெட்டுப் பெண்களுக்கு வர்த்தகக் குறிச் சட்டம் பற்றிய கடிதம்! பலர் பெயரை மாற்றிக்கொண்டனர். வேறு பலர் ஒன்றுசேர்ந்து, தலைமுறைகளாகப் புழங்கிவந்த பொதுச்சொல்லைத் தனியுடைமையாக்க முடியாது என்று வாதிட்டனர். 2008இல் இணக்கத்துடன் முடிவதற்குள் பிணக்கு மூன்று வருடங்களை விழுங்கிவிட்டது.

இரண்டாவது பிணக்கு உலகச் செய்தியாயிற்று. 2006ஆம் ஆண்டு ரியூரின் குளிர்கால ஒலிம்பிக்கின்போது, ரொறன்ரோவைச் சேர்ந்த பின்னல் எழுத்தாளர் ஸ்டெபனி பேர்ள்-மக்ஃபீ ஒரு விளையாட்டை முன்மொழிந்தார். தீபம் ஏற்றப்படும்போது பின்னத் தொடங்கி, அணைக்கப்படும் முன் முடிக்க வேண்டும்; எடுக்கும் வேலை ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் சவாலாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டனர். 2007இல் பொஸ்டனைச் சேர்ந்த தம்பதியர் தொடங்கிய ரவெல்றி என்ற தளம் பின்னுபவர்களின் மாபெரும் கூடமாக வளர, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் முதல் அங்கும் “ரவெலிம்பிக்ஸ்” என்ற பெயரில் போட்டி நடந்தது. போர்வை மரதன், சால்வை ஹொக்கி, மேலங்கி முப்போட்டி என்று நிகழ்ச்சிகளுக்குப் பகிடியாகப் பெயர்கள்.

2012 ஜூன் மாதம், லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அமெரிக்க ஒலிம்பிக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பெயரை நிறுத்தச் சொல்ல அக்குழுவுக்குச் சட்டபூர்வமான பலம் இருந்தது. 1978ஆம் ஆண்டின் சட்டமொன்று ஒலிம்பிக் என்ற சொல்லின் மீது அதற்கு விசேட உரிமை வழங்கியிருக்கிறது. சமபாலுறவாளர்களின் விளையாட்டு விழாவுக்கு அச்சொல்லைப் பயன்படுத்த முயன்ற சான் பிரான்சிஸ்கோ அமைப்புக்கு எதிராக 1987இல் உயர் நீதிமன்றமே அந்த உரிமையை உறுதிசெய்தது. ஆகவே பெயரை மாற்றுங்கள் என்ற கோரிக்கையில் எவரும் பெரிதாக அதிர்ச்சியடைந்திருக்க மாட்டார்கள். கடிதம் அத்துடன் நிற்கவில்லை. இப்படியான பின்னல் போட்டிக்கு அந்தப் பெயரை ஒட்டுவது ஒலிம்பிக்கின் உண்மை இயல்பைத் தாழ்த்துகிறது என்றும், நாட்டின் தலைசிறந்த வீரர்களின் கடும் உழைப்பை அவமதிக்கிறது என்றும் அது கூறிற்று.

அவமதிப்பு என்ற அந்தச் சொல்தான் பற்றவைத்தது. ஒரு சட்டத்தரணிக் கடிதத்தை அவர்கள் மன்னித்திருப்பார்கள். தங்கள் கையின் உழைப்பு இன்னொருவர் உழைப்புக்கு இழிவு என்று சொன்னதை மன்னிக்கத் தயாராக இல்லை. கண்டனங்கள் ஒலிம்பிக் குழுவின் பக்கங்களில் மழையாகப் பொழிந்தன. குழுவின் பேச்சாளர் மன்னிப்புக் கேட்டார். அதே மூச்சில், அமெரிக்க அணிக்குக் கைவேலைப் பொருட்களைப் பின்னி அனுப்பிவைக்குமாறும் அழைத்தார். இழிவென்று சொன்ன கையிடமே அன்பளிப்புக் கேட்கிறாரா என்று தீ மீண்டும் மூண்டது. அன்றைய தினமே இரண்டாவது தடவையும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. போட்டியின் பெயர் பின்னர் “ரவெலெனிக் விளையாட்டுக்கள்” என மாற்றப்பட்டது. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கிலேயே கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன என்ற வரலாற்றை அன்று எவரும் அந்தக் குழுவுக்கு நினைவூட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வட்டத்துக்குள் யார்?

வெளியே இருந்து வரும் எதிரி வட்டத்தை இறுக்குவான். உள்ளே எழும் கேள்வியோ அதைப் பிரிக்கும். 2017 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணியில் ஆயிரமாயிரம் இளஞ்சிவப்புப் பின்னல் தொப்பிகள் தோன்றியபோது ஊசி பகிரங்கமாகவே அரசியலுக்குள் வந்தது. அந்தத் தொப்பி எல்லா நிறப் பெண்களையும் குறிக்கிறதா என்ற விமர்சனமும் உடனேயே எழுந்தது.

2019 ஜனவரியில், வெள்ளையினப் பின்னற்காரி ஒருவர் தாம் மேற்கொள்ளவிருந்த இந்தியப் பயணத்தைப் பற்றி எழுதியதை ஒட்டி ஒரு பெரும் வாதம் வெடித்தது. இந்தியாவுக்குப் போவதைச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போவதற்கு ஒப்பான வியப்பாக அவர் வர்ணித்திருந்தார். அதில் தீய நோக்கம் இருந்ததாக எவரும் சொல்லவில்லை. தெற்காசியப் பெண்கள் கேட்டதோ வேறு. எங்கள் தாய்நாடு உங்களுக்கு வேற்றுக் கிரகமா? அவ்வாறானால் உங்கள் வட்டத்தில் அமர்ந்திருக்கும் நாங்கள் யார்? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து, நூற்கடையில் சந்தேகக் கண்ணுடன் பார்க்கப்பட்ட அனுபவங்களைக் கறுப்பினத்தவரும் ஆசிய வம்சாவளியினரும் வரிசையாக எழுதத் தொடங்கினர். “பின்னலில் ஏன் இனப் பிரச்சினையைக் கொண்டுவருகிறீர்கள், இங்கே நிம்மதிக்காகத்தானே வருகிறோம்” என்று மறுதரப்பு ஆதங்கப்பட்டது. நிம்மதி என்பது அதுவரை யாருக்கு இருந்தது, யாருக்கு இருக்கவில்லை என்பதே விவாதத்தின் மையம். சிறுபான்மையாக வாழ்ந்த எவருக்கும் இந்த உரையாடலின் இரண்டு பக்கங்களும் நன்கு பழக்கமானவையாகவே இருக்கும்.

அதே ஆண்டு ஜூன் 23ஆம் திகதி, அப்போது எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்த ரவெல்றி, ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பையும் அவரது நிர்வாகத்தையும் ஆதரிக்கும் பேச்சுக்கும் பின்னல் வடிவங்களுக்கும் தடைவிதித்தது. அந்த ஆதரவு வெள்ளையின மேலாதிக்கத்துக்கான ஆதரவே என்பது தளத்தாரின் விளக்கம். பழமைவாதிகளையோ குடியரசுக் கட்சியினரையோ வெளியேற்றவில்லை, அந்தப் பேச்சைத்தான் வெளியேற்றுகிறோம் என்றும் சொன்னார்கள். ஒரு சாரார் இதைத் துணிவான நிலைப்பாடு என்று கொண்டாடினர். மறுசாரார் தம் வடிவங்களை எடுத்துக்கொண்டு வேறிடம் சென்றனர். தடையை வரவேற்றவர்களிலும் சிலருக்கு மனதில் ஒரு நெருடல் இருந்தது. இன்று நமக்குப் பிடிக்காத பேச்சை வெளியேற்றிய அதே கதவு, நாளை நம் பேச்சுக்கும் திறக்கக்கூடும் அல்லவா? தணிக்கையாளரின் சிவப்புப் பேனையுடன் காலம் கழித்த எங்களைப் போன்ற பத்திரிகையாளர்களுக்கு அந்த நெருடல் புரியும். அதேவேளை, ஒரு கூடத்தில் அவமதிப்பு அனுமதிக்கப்பட்டால் அவமதிக்கப்படுபவரே மௌனமாக எழுந்து போகிறார் என்பதும், அந்த வெளியேற்றத்தை எவரும் தணிக்கை என்று அழைப்பதில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்காமல் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

ரேந்தையின் வழி

இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு சிறு இழை உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டிமார் சட்டையின் ஓரத்தில் வைத்துத் தைத்ததை “ரேந்தை” என்றார்கள். அது போர்த்துக்கேயச் சொல். சிங்களத்திலும் அதே சொல்தான் வழங்குகிறது. காலி, வெலிகம பகுதிகளின் பீரளு ரேந்தை இன்றும் தென்னிலங்கைப் பெண்களின் கையில் வாழ்கிறது. ஆக்கிரமிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களது ஊசிவேலையும் சொல்லும் இரண்டு மொழிக்காரரிடமும் தங்கிவிட்டன. இதில் யார் யாரிடம் களவெடுத்தார்கள் என்று எந்த நீதிமன்றம் தீர்ப்பது?

தமிழகத்தின் தென்கோடியில், 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மோல்ட் என்ற மிஷனரிப் பெண் அங்கு ரேந்தைப் பின்னலைத் தொடக்கிவைத்தார். அதில் கிடைத்த வருவாயைக் கொண்டு அடிமைத்தளையில் இருந்த சிறுமிகள் சிலர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவுசெய்கின்றன. ஆந்திரத்தின் நரசாப்பூர் கதை வேறு விதமாகப் போயிற்று. ஜேர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல் அதைக் கூறுகிறது. ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுக்குள் இருந்து பின்னிய ரேந்தை உலகச் சந்தைக்குப் போனது. வியாபாரிகள் செல்வந்தரானார்கள். அந்தப் பெண்களோ தொழிலாளர்களாகக் கணக்கிடப்படவில்லை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னும் குடும்பப் பெண்களாகவே கருதப்பட்டார்கள். ஆகவே கூலியும் பொழுதுபோக்குக் கூலியாகவே இருந்தது.

“பொழுதுபோக்கு” என்ற சொல் எவ்வளவு கூர்மையான ஊசி என்பது இங்கேதான் தெரிகிறது. நரசாப்பூரில் அது கூலியைக் குறைத்தது. 2000இல் அது ஒரு வடிவமைப்பாளரின் உழைப்பை இலவசமாக்கியது. 2012இல் ஒலிம்பிக் குழுவின் கடிதத்தில் அது ஏளனமாக வெளிப்பட்டது. 2019இல் “இங்கே நிம்மதிக்காகத்தானே வருகிறோம்” என்ற வடிவில் ஒரு நியாயமான கேள்வியின் வாயை அடைக்கப் பயன்பட்டது. ஒவ்வொரு தடவையும் சண்டையிட்டவர்கள் சொல்ல முயன்றது ஒன்றைத்தான். இது சிறிய விடயம் என்று தீர்மானித்தது யார்?

இந்தச் சண்டைகளில் அற்பத்தனம் இருக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருந்தது. பொறாமையும் கோஷ்டிவாதமும் ஒருவரைக் குறிவைத்துக் கூட்டமாகத் தாக்கும் கொடுமையும் தாராளமாக இருந்தன. ஆனால் இவை இலக்கியச் சங்கங்களிலும் கோயில் பரிபாலன சபைகளிலும், ஏன், பத்திரிகை ஆசிரிய பீடங்களிலும் இருப்பவற்றை விட அதிகம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அங்கே நடந்தால் அதைக் கொள்கை முரண்பாடு என்று எழுதுகிறோம். ஊசி பிடித்த பெண்களிடையே நடந்தால் பாட்டிமார் சண்டை என்று பெட்டிச் செய்தி போடுகிறோம்.